டயரைச் சூடாக்கும் வேலைக்குத் தனுஷ்கோடி ரோடு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உச்சிப்புளியில் 19 வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை கடை திறக்கும்போதே ஒரு தம்பி பைக்கோடு நிற்கிறான், இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கிய பின் டயர், ‘டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டீங்களேண்ணே’ என்று முகத்துக்கு நேராகவே கேட்டான். குனிந்து தடவிப் பார்த்தேன். ஓரத்துப் பட்டன், அதாவது டயர் மேல் மேடுமேடாக இருக்கும் ரப்பர், புதுசாக இருக்கிறது, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதுகூட அங்கங்கே உதிரவில்லை. நடுவில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்குச் சப்பையாகத் தேய்ந்து ஒரு இடத்தில் ரப்பருக்கு உள்ளே இருக்கும் நூல் தெரிகிறது. ஓடித் தேய்ந்த டயர் இப்படி இருக்காது. விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஐந்தாறு பேராகத் தனுஷ்கோடி ரோட்டுக்குப் போய் ரேஸ் விடுகிறார்களாம், அதற்கு முன்னால் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரை முறுக்கிக் கிளட்சை விட்டு, நின்ற இடத்திலேயே பின் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் புகை வரவைப்பார்களாம். ‘சூடு பண்ணாத்தான் கிரிப்பு கிடைக்கும்ணே, பெரிய ரேஸ்ல எல்லாம் அப்படித்தான்’ என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எழுதுகிறேன். ‘செய்யாதே’ என்று மட்டும் திட்டினால் அந்த வயதில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அவன் சொல்லும் பெரிய ரேஸ், டிராக் ரேஸ் (drag race), வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர் ஓட்டம். புறப்படும் அந்த முதல் நொடியில் சக்கரம் வழுக்கினால் தோற்றாயிற்று. அதற்காகப் பட்டனே இல்லாத, மொழுமொழுவென்று இருக்கும் ஸ்லிக் டயர் போடுகிறார்கள். அந்த ரப்பர் மிருதுவானது, சூடு ஏறினால்தான் தரையைக் கவ்வும். புறப்படும் கோட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கிய இடம் இருக்கும், ஈரத்தில் சக்கரம் சுலபமாகச் சுற்ற ஆரம்பிக்கும், கிளட்சுக்கும் பாரம் குறைவு. அப்புறம் காய்ந்த தரைக்கு நகர்ந்து புகை வரும் வரை சுற்றுவார்கள். ஒட்டியிருக்கும் மண், தூசி, பழைய ரப்பர் எல்லாம் கழன்று புது ரப்பர் வெளியே வரும். ஆறுவதற்குள் கோட்டில் போய் நிற்க வேண்டும். அந்தத் தரையும் சாதாரணத் தரை இல்லை, ஒட்டும் பசையைத் தெளித்து, மேலே ரப்பரைப் படியவைத்துத் தயார் செய்தது. என் அக்கா மகன் சென்னையில் பைக் மெக்கானிக், அவனோடு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்கு ஒரு தடவை போயிருந்தேன். சூடேறிய ஸ்லிக் டயரில் பெருவிரலை அழுத்தினால் கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்தில் இழுக்குமே, அந்த மாதிரி விரலை விடமாட்டேன் என்கிறது.

நம் ரோட்டு டயரை அந்த வேலைக்கென்று செய்வதே இல்லை. வெயில், மழை, குளிர் எல்லாவற்றிலும் ஓடி பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும் என்று கொஞ்சம் கெட்டியான ரப்பரில் வருகிறது. அதைப் புகை வரும் அளவுக்குச் சூடாக்கினால் மேல்தோல் வழவழத்துப் போகும், கிரிப்பு அதிகமாகாது, குறையும். திரும்பத் திரும்பச் சூடாகி ஆறினால் ரப்பர் இறுகிவிடும். நடுப்பகுதி சப்பையான டயரோடு பாம்பன் பாலத்துக் காற்றிலும் மண்டபம் வளைவிலும் வண்டியைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பதறுகிறது. பெரிய ரேஸ்களிலேயே, பட்டன் வைத்த ரோட்டு டயரில் வருகிறவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள், டயர் பள்ளங்களில் தண்ணீர் ஏறிக் கோட்டுக்கு வந்து சொட்டும் என்பதால். மண்ணை உதற லேசாக ஒரு சுற்று, அவ்வளவுதான்.

இதில் நம்ம ஊர் மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த அந்த ஒன்பதரை கிலோமீட்டரில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்தால் மணல் ரோட்டையே மூடுகிறது. எவ்வளவு சூடான டயராக இருந்தாலும் மணலின் மேல் பிடிக்காது, அது ரோட்டைத் தொட்டால்தானே பிடிக்கும்? விடியலில் மீன் ஏற்றிவரும் வண்டிகளும் அதே ரோட்டில்தான் வருகின்றன. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ன்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்பதும் அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை.

புது டயர் மாட்டிவிட்டேன். நூல் தெரியும் அந்தப் பழைய டயரைக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன், வருகிற பையன்கள் எல்லாம் தடவிப் பார்க்கிறார்கள்.

ஆனால் அவர்களுடைய ஆசையில் தப்பே இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். முறையாக ஓட்டிப் பார்க்க இங்கிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போவதென்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம், வண்டியை ஏற்றிப்போகும் செலவு வேறு. அந்தத் தளம் வருவதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில்தானே ரேஸ் நடத்தினார்கள்? பக்கத்தில் செட்டிநாட்டிலும் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெல்மெட், ஆம்புலன்ஸ், பெரியவர்கள் மேற்பார்வை எல்லாம் வைத்து அப்படி ஒரு இடத்தில் 402 மீட்டர் ஓட்ட அனுமதி கொடுக்க முடியுமா என்று விளையாட்டுத் துறையிடம் உங்கள் நாளிதழ் கேட்க வேண்டும். கொடுத்தால் டயர் வேலை முழுவதையும் கூலி வாங்காமல் நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர், உச்சிப்புளி