நாய் எந்தத் தண்ணீரில் இறங்கியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சிப்பாறை அணை திறந்து, சானல்களில் (பாசனக் கால்வாய்களில்) தண்ணீர் வந்து, கூடவே தென்மேற்குப் பருவமழையும் பிடித்துக்கொள்ளும் இந்த நாட்களில், நாய் வளர்க்கும் குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு, நாய்களைத் தாக்கும் எலிக்காய்ச்சலைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

கல்குளம் வட்டத்தில் சானல் கரையை ஒட்டியது எங்கள் வீடு. சென்ற ஆண்டு இதே பருவத்தில் எங்கள் நாய் மணி, சாளை மீன் மண்டை பிசைந்து வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் படுத்துக்கொண்டது. வாந்தியும் எடுத்தது. அருகிலுள்ள மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு முழுவதும் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. சிறுநீரோ கட்டன் சாயா நிறத்தில் போனது. வேறு மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "போன வாரம் எந்தத் தண்ணீரில் இறங்கியது?" என்பதுதான். அப்போதுதான், ஏழெட்டு நாளுக்கு முன் சானலில் புதுத் தண்ணீர் வந்த அன்று மணி அதில் வெகுநேரம் கிடந்ததும் குடித்ததும் நினைவுக்கு வந்தன. எலிக்காய்ச்சல் என்றார். அதற்குள் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டிருந்ததால் மணியைக் காப்பாற்ற முடியவில்லை. முதலில் பார்த்த இடத்தில் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாய் தண்ணீரில் இறங்கிய நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஒரு வாரமோ அதற்கு மேலோகூட ஆகிவிடுவதால், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. என் வருத்தமெல்லாம் இதில்தான்.

இந்த நோய்க்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீர் வழியாக வெளியேறி, ஈரச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும். ஆனால் இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் மண் காய்வதற்கு இடைவெளி ஏது? அணை அடைத்திருக்கும் மாதங்களில் சானலுக்குள் குட்டை குட்டையாகத் தேங்கி, கோழிக்கழிவும் குப்பையும் கொட்டப்பட்டு, எலிகள் வளை போட்டுக் கிடக்கும் அந்த அழுக்கையெல்லாம் முதலில் வரும் தண்ணீர்தான் வாரிக்கொண்டு வருகிறது. கிருமி உடலுக்குள் போக நாய் அதைக் குடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காலில் ஒரு கீறல் இருந்தாலோ, கண்ணிலோ மூக்கிலோ பட்டாலோ போதும்.

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று பலரும் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஊசி இந்த நோயைத் தடுக்காது. நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகளிலும் சிலவற்றில்தான் எலிக்காய்ச்சலுக்கான மருந்து சேர்ந்திருக்கும் என்பதால், மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதல்முறை 2 முதல் 4 வார இடைவெளியில் 2 ஊசிகள், பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்பது நடைமுறை. ஊசி போட்டிருந்தாலும், வெளியே கூட்டிப்போகுமுன் கிணற்றுத் தண்ணீரை வயிறு நிறையக் குடிக்க வைத்தால் வழியில் கண்ட குட்டையில் வாய் வைப்பது குறையும். முற்றத்தில் வைக்கும் தண்ணீர்ச் சட்டியை இரவு முழுவதும் அப்படியே விடாமல் கவிழ்த்துவைத்து, காலையில் தேய்த்துக் கழுவிப் புதிதாக ஊற்ற வேண்டும், ஏனென்றால் இரவில் எலி நடமாடும் இடமும் அதுதான்.

கோடையில் குளங்களில் வேறோர் ஆபத்து உண்டு. பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி மிதக்கும் தண்ணீரில் சில நேரம் கொடிய நஞ்சு இருக்கும். அதைக் காய்ச்சினாலும் நஞ்சு போகாது. அதில் இறங்கிய நாய் தன் உடம்பை நக்குமுன் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் இடங்களில் ஆசிட் கலந்து வெளியேறும் தண்ணீரையும் நாய்களுக்கு எட்டாமல் வைப்பது நல்லது.

நாய்க்கு வந்தது நாயோடு நிற்பதுமில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் பக்கத்திலுள்ள கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவி மனித உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நோயுற்ற நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அது பட்ட தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வேண்டும். மணி படுத்திருந்த சாக்கை என் மகள் வெறுங்கையால் அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தேன்.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களுக்கு நாயைக் கொண்டுவருவோரிடம் எலிக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நாய்க்கு வாந்தி என்று வருகிறவர்களிடம், அது எந்தத் தண்ணீரில் இறங்கியது என்ற அந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நீர்வளத் துறையும், அடுத்த முறை அணை திறப்பதற்கு முன்பே சானலுக்குள் கிடக்கும் கழிவை அள்ளிவிட வேண்டும்; தண்ணீர் வந்த பிறகு அள்ளுவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.