கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அடுத்த படத்துக்கு வெளிநாட்டு ஒளிப்பதிவாளர் வருகிறார் என்றதும் நேற்று போனில், "நம்ம ஊர்ல ஆளே இல்லையாப்பா, எதுக்கு ஐரோப்பாவிலேர்ந்து கேமராமேன்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். நம்மிடம் ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அவருக்கு அசோசியேட்டாக, அதாவது உதவி ஒளிப்பதிவாளராக, போகவே மாட்டேன் என்றாயே, அதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது. போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஜோசப் விர்ஷிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர். 1925-ல் ஒரு படத்துக்காக இங்கே வந்தார். 1934-ல் தயாரிப்பாளர் ஹிமான்ஷு ராயும் நடிகை தேவிகா ராணியும் பம்பாயின் மலாடில் பாம்பே டாக்கீஸ் ஸ்டுடியோவைத் தொடங்கியபோது திரும்பவும் வந்தார். அங்கே அவர் எடுத்த 'அச்சுத் கன்யா' படத்தில் தேவிகா ராணியின் முகத்தைப் பார். முகத்தில் எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை இருட்டில் விடுவது என்பதையும் யோசித்து விளக்கு வைத்திருக்கிறார். அது ஜெர்மன் ஸ்டுடியோக்களில் பழகிய கை.

1939-ல் போர் மூண்டதும் ஆங்கிலேய அரசு அவரை எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பாம்பே டாக்கீஸில் கேமரா நிற்கவில்லை. அவரிடம் பழகிய பரீன்ஜா இருந்தார். அவர் ஒளிப்பதிவு செய்த 'கிஸ்மத்' 1943-ல் வந்து, கல்கத்தாவில் ஒரே தியேட்டரில் மூன்று வருடத்துக்கும் மேல் ஓடியது. விர்ஷிங்கும் விடுதலையான பிறகு ஊரோடு போய்விடவில்லை. 1949-ல் 'மஹல்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பிறகு, எடுத்துக்கொண்டிருந்த 'பாகீஸா' முடிவதற்கு முன்பே 1967-ல் இந்த மண்ணிலேயே காலமானார். அவரை அந்நியர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் இப்படித் தங்கள் கலையை இங்கே ஒருவரிடம் விட்டுச் சென்றார்கள் என்று சொல்லமாட்டேன். 'கான் வித் த விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்களில் ஒருவரான ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலர், இயக்குநர் சோராப் மோடியின் 'ஜான்சி கி ராணி'க்காக வந்தார். டெக்னிகலர் என்ற வண்ண முறை, பிரமாண்ட செலவு. 1953-ல் படம் வந்தது, கையைக் கடித்தது. விர்ஷிங் என்றால் பரீன்ஜா ஞாபகத்துக்கு வருகிறார். ஹாலர் என்றால் அப்படி ஒரு பெயர் எனக்கு வருவதில்லை.

அதனால், நீண்ட காலம் தங்கினால்தான் பலன் என்று நினைத்துவிடாதே. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'த ரிவர்' எடுக்க வங்காளத்துக்கு வந்தபோது அவருடைய அண்ணன் மகன் க்ளோத் ரெனுவார்தான் கேமரா. அவர்களும் வந்து, எடுத்து, கிளம்பிப் போனவர்கள்தான். ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க ஒரு பையன் வந்துகொண்டிருந்தான், சுப்ரதா மித்ரா. இருபது வயது இருக்கும். யூனிட்டில் அவனுக்கு எந்த வேலையும் கிடையாது. எந்த விளக்கு எங்கே இருக்கிறது, நடிகர் எங்கிருந்து எங்கே நகர்கிறார், கேமரா எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றையும் நோட்டில் படமாக வரைந்துகொண்டே இருந்தான். கடைசியில் லைட்டிங் கன்டினியூயிட்டியை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் மாறாமல் இருக்கிறதா என்பதை, சரிபார்க்க க்ளோத் ரெனுவாரே அந்த நோட்டை வாங்கிப் பார்க்கும் நிலை வந்தது!

சினிமா கேமராவையே அதுவரை கையாளாத அந்தப் பையன்தான் பிறகு சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்தார். அடுத்து 'அபராஜிதோ'. காசி வீட்டின் முற்றத்தை கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். திறந்த முற்றத்தில் மேலிருந்து விழும் வெளிச்சத்துக்கு நிழலே இருக்காது. ஸ்டுடியோ விளக்கில் அது வராது என்று மித்ரா எதிர்த்தார். வேறு வழியில்லை என்றானதும், செட்டுக்கு மேலே வானம் மாதிரி வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றம் முழுக்க மெத்தென்று பரவியது. 1956-ல் வந்த படம். இன்று உங்கள் செட்டில் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முற்றம்தான் ஞாபகம் வரும். பக்கத்தில் நின்று வரைந்த பையன் தன் ஊர் வெளிச்சத்துக்காகத் தானே கண்டுபிடித்தது அது.

நம் பக்கத்துக்கு வா. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்குநர்தான், ஆனாலும் கேமரா தெரிந்தவர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்த அமெரிக்கர். 'மீரா'வுக்காக எம்.எஸ். அம்மாவின் முகத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பெடுத்து, அதற்கு விதவிதமாக விளக்கு வைத்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் பொருந்தும் என்று ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியோடு சோதித்துப் பார்த்தார். ஒரு முகத்துக்கு அவ்வளவு மரியாதை. நம்மில் எத்தனை பேர் இன்று அப்படி மெனக்கெடுகிறோம், சொல்!

ஆனால் முகம் என்று வரும்போது நீ விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. நான் கேமராவில் ஃபோகஸ் பிடிக்கும் ஃபோகஸ் புல்லராக இருந்த பிலிம் காலத்தில், போட்டோ லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் கொடுத்த மாதிரி அட்டையில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அதை அளவுகோலாக வைத்தால் நம் கறுத்த முகங்கள் கரியாகிவிடும், இல்லாவிட்டால் மேக்கப் பூசி வெளுக்க வைப்பார்கள். இரண்டும் அநியாயம். வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உச்சி வெயிலில் ஒரு கறுத்த முகத்துக்கு எப்படி எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைக்கிறார் என்று கவனி. தப்பாகப் பட்டால் ஷாட் முடிந்ததும் தனியாகச் சொல். கேட்டுக்கொள்வார், நல்ல கலைஞன் கேட்டுக்கொள்வான். உனக்கு அந்த முகங்கள் பிறந்ததிலிருந்து தெரியும், அவருக்குத் தெரியாது.

அசோசியேட் வேலையை ஒத்துக்கொள், பாப்பா. நோட்டு வாங்கி வைத்துக்கொள். செல்போனில் படம் பிடித்தால் போதும் என்று நினைக்காதே, கையால் வரை. எந்த விளக்கு, எத்தனை அடி தூரம், முன்னால் என்ன துணி, எல்லாம் இருக்கட்டும். முதல் ஷெட்யூல் முடிந்ததும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேலும் கூப்பிடலாம், அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள்.

அன்புடன்,
அப்பா