ஒரு கோப்பை சோறு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு டொக்டர் குறைப்பட்டு எழுதியிருந்தார். சீனி வருத்தக்காரர்கள் குளிசையை ஒழுங்காகப் போடுகிறார்களாம், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் சொல்வழி கேட்பதில்லையாம். வாசித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் சொல்வழி கேட்ட ஆள். கேட்டதால்தான் எனக்குச் சீனி ஏறியது.

எனக்கு 58 வயது. 1990 இல் மன்னாரில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டேன். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கையில் வீடு. தொழில் இடியப்பம் அவிப்பது. விடிய 2 மணிக்கு எழும்பி நானும் மருமகளும் மா குழைக்கத் தொடங்கினால், 6 மணிக்குள் நானூறு இடியப்பம் கடைகளுக்குப் போய்விடும்.

2021 இல் வருத்தம் பிடிபட்டது. வெறும் வயிற்றில் 126 வந்தாலே நீரிழிவு என்பார்கள். எனக்கு 212. நான் போவது ஒரு அரச ஆஸ்பத்திரிக்கு, பெயர் வேண்டாம். கிளினிக் நாளில் எங்கள் வீட்டில் இடியப்பம் இல்லை, கடைக்காரர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். இருட்டோடு போய் நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, கொப்பியை வைத்துவிட்டுக் காத்திருந்தால் பத்து மணி தாண்டித்தான் டொக்டரின் முகத்தைக் காணலாம். அவர் சொன்னது இரண்டே வசனம்: "பத் அடு கரண்ட. சீனி கண்ட எபா." சோற்றைக் குறையுங்கள், சீனி சாப்பிடாதீர்கள். அவரைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள்.

வெளியே வரும்போது ஒரு காகிதம் தந்தார்கள். அது தமிழில்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓட்ஸ், ஆப்பிள், கொழுப்பு நீக்கிய பால் என்று எங்கள் ஒழுங்கையில் யாரும் வாங்காத சாமான்களின் நிரை. அதற்குக் கீழே, மதியத்துக்கு "ஒரு கோப்பை சோறு" என்று இருந்தது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற அகலமான கோப்பை. தேத்தண்ணி குடிப்பதைத் தேத்தண்ணிக் கோப்பை என்று பிரித்துச் சொல்வோம். தட்டு என்றால் அது இடியப்பம் பிழிகிற தட்டு. காகிதத்தை எழுதியவர் 'கப்' என்பதைத் தமிழாக்கிக் கோப்பை என்று போட்டுவிட்டார். நான் அதை வாசித்து, 'பரவாயில்லை, ஒரு கோப்பை சாப்பிட விட்டிருக்கிறார்கள், இரண்டாம் தரம் போடக் கூடாது, அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டாம் தரம் போடவே இல்லை. பாவற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் எச்பிஏ1சி பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்துச் சீனி நிலவரத்தைக் காட்டுகிற பரிசோதனை. பொதுவாக 7 க்குக் கீழே வரப் பார்க்கிறார்கள். எனக்கு முதலில் 9.1 இருந்தது, இப்போது 9.8. "வாயைக் கட்டவில்லைத்தானே?" என்று கேட்டார்கள். களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி நின்றேன். ஒரு கோப்பைதான் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. ஏற்கெனவே போட்டுவந்த மெட்ஃபோர்மின் குளிசையோடு கிளிக்கிளசைட் என்று இன்னொரு குளிசையும் சேர்ந்தது.

அந்தக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு சாப்பிடாமல் இருந்தால், அது சீனியைக் கீழே இழுத்துவிடக்கூடியது. எனக்கு அது தெரியாது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தது. சின்ன வயதில் இருந்தே வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் இருப்பேன். விடியக் குளிசையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணியோடு மட்டும் நின்றேன். பதினொரு மணியளவில் கொச்சிக்கடைப் பக்கம் நடந்து போகும்போது வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் இருட்டியது. பாமசியில் கதிரை போட்டு உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தார்கள். 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம். சீனித் தண்ணீர் கரைத்துத் தந்தார்கள். சீனி வேண்டாம் என்று நான் மறுத்ததை அந்தப் பொடியன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். (வருத்தக்காரருக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று சுவாமி பிறகு சொன்னார். நான் கேட்டிருக்க வேண்டும், சரி.)

அடுத்த கிளினிக்கில் இந்தக் கதையைக் கேட்ட ஒரு நேர்ஸ் மிஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு போய் நடைபாதைக் கடைசியில் இருந்த ஓர் அறையில் விட்டார். உள்ளே, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லித்தருகிற டயட்டீஷியன் இருந்தார். அந்தக் கதவை எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன். பலகை சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்ததால் என்ன அறை என்று தெரியாது.

சிங்களப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். அரைகுறைத் தமிழில் பேசினார். எதைச் சாப்பிடாதே என்று தொடங்கவே இல்லை. "அம்மா, நேத்து எழும்பினதில இருந்து வாயில போட்ட எல்லாம் சொல்லுங்க" என்றார். நான் எட்டு மணிச் சாப்பாட்டில் இருந்து தொடங்கினேன். எத்தனை மணிக்கு எழும்புவீங்க என்று கேட்டார். இரண்டுக்கு என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும்?"

அவிக்கும்போது உடைகிற இடியப்பத்தைக் கடைக்குக் கொடுக்க முடியாது. எறியவும் மனம் வராது. பிய்த்துப் பிய்த்து வாயில் போடுவோம். அதைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் கணக்கெடுத்ததே இல்லை. எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வரும், இடையில் இரண்டு பிளேன்டீ. அதற்குப் பிறகு எட்டு மணிக்கு "காலைச் சாப்பாடு", அதோடு குளிசை.

சோற்றைப் பற்றிக் கேட்டபோது காகிதத்தில் சொன்னபடி ஒரு கோப்பை என்றேன். எவ்வளவு பெரிது என்று கையால் காட்டச் சொன்னார். காட்டினேன். முதலில் சிரித்தார், பிறகு அவர் முகம் மாறிவிட்டது. வீட்டில் வழக்கமாகப் போடும் சோற்றைப் போட்டு, அதைத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து பார்க்கச் சொன்னார். மூன்றரை வந்தது. ஒரு கப் சோற்றில் 45 கிராம் அளவில் மாப்பொருள் இருக்கிறதாம். மிச்சக் கணக்கை மருமகள் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள்.

அடுத்த தரம் என் கோப்பையையே கொண்டுவரச் சொன்னார். பேப்பரில் சுற்றிக் கொண்டு போனேன் (உங்கள் பேப்பர்தான்). கறுப்புப் பேனையால் அதிலேயே கோடு போட்டுத் தந்தார். பாதி கீரை வறையும் மரக்கறியும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசிதான் சோறு. இடியப்பத்தை விடச் சொல்லவில்லை. பருப்பு, முட்டை, தண்ணிச் சொதியோடு மூன்று, அதுவும் உட்கார்ந்து. உடைந்தவற்றைப் போட ஒரு மூடி வைத்த சட்டி. குளிசை நேரம் தன் வேலை இல்லை என்று டொக்டருக்குத் துண்டு எழுதி அனுப்பினார். டொக்டர் கிளிக்கிளசைட்டைப் பாதியாக்கினார். கோப்பையில் போட்ட கோடு ஒரு கிழமையில் கழுவுப்பட்டுப் போய்விட்டது, கண்ணில் இருக்கிறது. போன மாதம் எச்பிஏ1சி 7.4.

இதோடு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், என் வியாபாரத்துக்குக் கூடாது என்றாலும். சீனி வருத்தம் என்று சிவப்பு இடியப்பம் கேட்டு வாங்குகிறீர்கள், சிவப்பு என்பதால் பத்துச் சாப்பிடுகிறீர்கள். அதில் பாதி வெள்ளை மா. முழுக்கச் சிவப்பு மா என்றால் பிழிந்து முடியாது, விலையும் கட்டாது. முழுக்கச் சிவப்பு மாவில் எனக்கென்று அவித்துச் சாப்பிட்டும் பார்த்தேன். வீட்டில் சீனி பார்க்கிற என் மெஷின் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. குரக்கன் பிட்டும் அப்படித்தான். அளவு என்று ஒன்று அதற்கும் இருக்கிறது.

ஆகவே அந்த டொக்டரிடம் நான் கேட்பது இதுதான். சொல்வழி கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன், நாங்கள் எத்தனை மணிக்கு எழும்புகிறோம், எதில் போட்டுச் சாப்பிடுகிறோம், எந்த நாள் விரதம் என்று யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். டயட்டீஷியன் இருந்தால், அவரிடம் போகச் சொல்லி முதல் நாளே ஒரு துண்டு கொடுங்கள். மயங்கி விழும் வரை இருக்க வேண்டாம். கதவுப் பலகையில் தமிழையும் போடுங்கள். காகிதத்தில் கோப்பை, கரண்டி என்று எழுதாமல் படத்தைப் போடுங்கள். குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று 2016 இல் அடையாளம் போடத் தொடங்கினார்கள். ஐந்து வயதுப் பேரன் அதைப் பார்த்து எனக்குச் சொல்கிறான். சோற்றுக்கு ஒரு படம் போட முடியாதா?

அந்தக் காகிதத்தைத் திரும்ப அச்சடிக்க முன் வாசித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றால், காலை 8 மணிக்குப் பிறகு நான் சும்மாதான் இருக்கிறேன். அதற்கு முன் வர வேண்டாம், கை முழுக்க மாவாக இருக்கும்.

இப்படிக்கு,
இடியப்பம் அவிக்கும் வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.