ஒரு மேசை, இரண்டு நாற்காலி: ஊர்ச் சங்கப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பெயரை எழுதவில்லை. சிங்கப்பூரில் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சங்கம் நடத்தும் யாரும் இது தனக்கு வந்த மடல் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

போன பொங்கல் விழாவில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். 'இளைஞர்களின் வழிகாட்டி' என்று பட்டமும் கொடுத்தீர்கள். சாப்பாட்டுச் செலவில் பாதி அவருடையது என்று மைக்கில் அறிவித்ததும் எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். அந்தப் படம் இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஆள் பிடிக்கும் சப்-ஏஜெண்டின் கைபேசியில் இருக்கிறது. "சிங்கப்பூர் சங்கமே சால்வை போடுற ஆளு, பயப்படாம கட்டுங்க" என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். நீங்கள் பொன்னாடை போர்த்தியவர் தன் கையாலேயே போலி காகிதம் செய்தார் என்று நான் எழுதவில்லை. உங்கள் சால்வையைக் காட்டி வாங்கினார்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படிக் கட்டியவர்களில் ஒருவன் என் பெரியம்மா வீட்டுத் தம்பி. விண்ணப்பத்துக்கு என்று 50,000 ரூபாய், ஐபி (ஒர்க் பர்மிட்டுக்கு முன் சிங்கப்பூர் அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதம்) வந்ததும் 1,50,000, டிக்கெட் போடும் முன் இன்னொரு 1,50,000. எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் ஐபியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதுவும் சரிபார்க்க அல்ல. "அண்ணே, ஊறுகாய் எத்தனை கிலோ கொண்டு வரலாம்?" என்று கேட்க.

பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்த வரி மட்டும் மற்ற வரிகளைவிட ஒரு நூல் மேலே ஏறி நின்றது. எழுத்தும் கொஞ்சம் தடிப்பு. வேலை, சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங். இந்தியாவிலிருந்து ஒருவரைச் சேவைத் துறைக்கு ஒர்க் பர்மிட்டில் எடுக்கக் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான் அனுமதி உண்டு, சூப்பர் மார்க்கெட் பேக்கிங் அதில் கிடையாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை.

அந்த மூன்று நிமிடம் பணம் கட்டும் முன் அவனுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அதற்குள் ஊரில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மாமன் வீட்டில் விருந்து, கோயிலில் அர்ச்சனை எல்லாம் முடிந்திருந்தது. போகவில்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. குறித்த நாளில் பெட்டியோடு கிளம்பித் திருச்சி வரை போய், அங்கிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பெரியம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பத்தாவிடம் வாரம் ஒருமுறை பேசும்போது இரண்டரை மணி நேரம் கூட்டிச் சொல்கிறானாம், "இங்க இப்ப ராத்திரி பத்தரை ஆச்சு அப்பத்தா" என்று. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணே, தேக்கா மார்க்கெட் வாசல்ல ஆள் இல்லாம ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ஸ்டேட்டஸ் வைக்கணும்." நான் இன்னும் அனுப்பவில்லை.

போலீசில் சொல்லலாம் என்றால் ரசீது எங்கே என்பார்கள். பாதி கூகுள் பேயில் யார் யார் பெயருக்கோ போனது, பாதி கையில் கொடுத்தது.

உங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும். பர்மிட்டுக்கு அமைச்சு வாங்குவது விண்ணப்பிக்கும்போது 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பர்மிட் கொடுக்கும்போது 35 வெள்ளி, அதையும் கட்ட வேண்டியவர் முதலாளி. இங்கே உரிமம் உள்ள ஏஜென்சி எத்தனை வருட வேலையானாலும் தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வேலை கொடுப்பதற்கு முதலாளியே காசு வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜெண்டுக்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். மூன்றரை லட்சம் என்ற தொகை எந்தச் சட்டத்திலும் இல்லை. நம் ஊரில் மட்டும் அதற்கு 'ரேட்' என்று பெயர்.

இன்னொன்று. பத்தாவது முடிக்காத ஒருவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போனால் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அப்படி அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. நம் பையன்கள் விமானம் ஏறும் முன் குடிபெயர்வு அனுமதி தரும் அதிகாரியிடம் காகிதத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. பிறகு யார்தான் பார்ப்பது?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஊரில் எல்லோருக்கும் போய்ச் சேரும்படி ஒரு வாட்ஸ்அப் எண். ஐபியோ ஆஃபர் லெட்டரோ எது வந்தாலும் பணம் கட்டும் முன் அங்கே அனுப்பட்டும். விண்ணப்பம் உண்மையா, ஏஜென்சி அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா, சம்பளமும் வேலையும் சொன்னபடி இருக்கின்றனவா என்று யாராவது பார்த்துச் சொல்லட்டும்.

ஆள் இல்லை என்பீர்கள். பட்டிமன்றத்துக்கு ஆள் இருக்கிறது. கேரம் போட்டிக்கு நடுவர் மட்டும் நான்கு பேர். விழா மலரில் செயற்குழு படத்துக்கே இரண்டு பக்கம் வண்ணத்தில் போகிறது, அதில் உட்கார்ந்திருப்போர், நிற்போர் என்று பெயர் வரிசை வேறு. இத்தனை பேரில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் உட்கார இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா?

கொஞ்சம் சூடாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2011இல் நான் வந்து இறங்கியபோது தங்க இடம் கிடைக்கும் வரை பதினோரு நாள் சாப்பாடு போட்டவர்கள் உங்களில் சிலர். அதை மறக்கவில்லை. மறக்காததால்தான் வேறு எங்கும் போகாமல் உங்களிடம் கேட்கிறேன்.

வரும் பொங்கல் விழாவுக்கு மேடையில் யார் யார் என்று இந்நேரம் பேச ஆரம்பித்திருப்பீர்கள். ஏஜெண்ட் காசில் சாப்பாடு வேண்டாம், தயிர்சாதம் போட்டாலும் சாப்பிடுகிறோம். சால்வையை அந்த வருடம் யாருக்கும் போடாவிட்டாலும் பரவாயில்லை. மேசையை மட்டும் போடுங்கள். முதல் நான்கு ஞாயிறும் ஒரு நாற்காலியில் நானே உட்காருகிறேன், இன்னொன்றுக்கு ஒருவரை அனுப்பிவையுங்கள். மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. அறைச் சாவி யாரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் சந்தா பாக்கி இல்லாத உறுப்பினன்