கொட்டகையில் நின்ற ஜீப்: வயிரவனுக்கு அப்பச்சி எழுதியது

சிவமயம்

பள்ளத்தூர்

சிரஞ்சீவி வயிரவனுக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாவும் நானும் நலம். மாசியில் லீவு போட்டு வந்து கொட்டகை ஜீப்பைச் சரிபண்ணப் போகிறாய் என்று ஆத்தா சொன்னாள். சந்தோஷம். ஆனால் நீ போட்ட கணக்கில் முதல் வரி பெயிண்ட், இரண்டாவது வரி டயர் என்று இருக்கிறதாமே, அதை இரண்டையும் கீழே தள்ளு. கையில் உள்ள பணத்தில் பிரேக்குக்கு முதல் பங்கு, ஸ்டீரிங்குக்கு இரண்டாவது, ரேடியேட்டருக்கு மூன்றாவது. அழகெல்லாம் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடித் தேய்ந்த வண்டியில் எது போச்சு என்று காதே சொல்லிவிடும். நின்று கெட்ட வண்டி அப்படி இல்லை. ரப்பர் காய்ந்து, துரு ஒட்டி, எலி கடித்து எல்லாம் ஒன்றாகக் கெட்டிருக்கும். ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால்தான் வரிசையைப் பிடித்துக்கொள் என்கிறேன்.

ஸ்பேனரைத் தொடுமுன் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் பார். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆம் பிரிவின்படி 5 வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், வண்டியையும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே முதலில் தேடுவது சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொறித்த நம்பரைத்தான். அதனால் துரு சுரண்டும்போது அந்த இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. கையால் பிரஷ் போட்டு, கிரீஸ் தடவி, டேப் ஒட்டி வை. வேறு ரக எஞ்சின் தூக்கி வைக்கலாம், கட்டைத் தடிமன் டயர் போடலாம் என்று நாலு பேர் சொல்வார்கள். 52-ஆம் பிரிவு அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்றுதான் சொன்னது. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-இல் ஒன்று கொண்டுவந்தார்கள். நம்முடையது அவ்வளவு கிழமில்லை.

இனி எஞ்சின். வந்த வேகத்தில் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பாதே. நம் ஜீப் மகிந்திரா எம்.எம். 540; அதில் இருப்பது பூஜோ எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி. டீசல். உழைக்கிற எஞ்சின்தான், ஆனால் பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவரில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டரால் இழுத்தால் ரிங்கு உடையும். ஸ்டார்ட் ஆக உள்ளே சூடாக்கிக் கொடுக்கிற நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஆயில் விடு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்று. இரண்டு முழுச் சுற்று தடங்கலில்லாமல் வரவேண்டும். நடுவில் முட்டினால் பலத்தைக் காட்டாதே. முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்து, இன்னும் ஆயில் விட்டு, ஒரு நாள் பொறு. கழற்றிய பிளக்குகளை மல்டிமீட்டரில் பார்த்துவிடு: ஓரிரு ஓமுக்குள் காட்டினால் சரி, ஒன்றுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்தது.

பழைய ஆயிலை வடிக்கும்போது மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. கறுப்பாக வந்தால் கவலையில்லை. புது 15டபிள்யூ-40 ஆயிலும் புது பில்டரும் போட்டு, பிளக் மாட்டாமலே பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார். துளை வழியாக ஆயில் பீய்ச்சி அடிக்கும், முகத்தை அந்தப் பக்கம் வைக்காதே.

டீசல் டேங்கில் மிச்சம் கிடப்பது டீசல் இல்லை, பிசின். டேங்கைக் கழற்றி வடித்து, ஒரு கைப்பிடி ஜல்லி போட்டுக் குலுக்கி, டீசலாலேயே கழுவு. ஓட்டை இருந்தால் வெல்டிங் கடைக்காரர் 'காலி டேங்குதானே' என்பார். ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதே, ஆவி போதும் வெடிக்க. ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்று. அதில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வண்டி ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் நிற்கும். ஏர் எடுப்பது இப்படி: பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடி, நுரை நின்று தெளிவாக டீசல் வந்ததும் இறுக்கு. பிறகு எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்பில் உள்ள ஸ்க்ரூவில் அதேபோல். கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, டீசல் துளிர்த்ததும் இறுக்கு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அந்தப் பெரிய பம்பின் ஆக்சிலேட்டர் லீவரும் ஸ்டாப் லீவரும் கையால் தள்ளினால் போய்த் தானே திரும்புகிறதா பார். உள்ளே ஒட்டியிருந்தால் எஞ்சின் கிளம்பியதும் எகிறும், சாவியை எடுத்தாலும் நிற்காது. ஏர் பில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டை ஒருவர் கையில் கொடுத்து நிறுத்து. காற்று நின்றால் எஞ்சின் நிற்கும். வெறும் உள்ளங்கையை வைக்கிற வேலை வேண்டாம்.

ரேடியேட்டர் விஷயத்தில் குற்றவாளி நம்மூர்த் தண்ணீர். இங்கே போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அதை வருடக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்க்குள் உப்புக் கட்டிப் பாதி அடைத்திருக்கும். லிட்டருக்கு 30 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி இருபது நிமிடம் ஓடவிட்டு, ஆறிய பிறகு வடி. பிறகு தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசு. வளவில் அண்டாவில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இதற்குத் தோது. கழிவறை ஆசிட்டை ஊற்றச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே, அது உப்போடு சேர்த்து உலோகத்தையும் தின்னும். அலசியும் கேட்காவிட்டால் ரேடியேட்டரைக் காரைக்குடிக்கு அனுப்பி, மேல் தொட்டியைப் பிரித்து ராடு போட்டு, அதாவது குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி, வாங்கலாம். பித்தளை ரேடியேட்டரில் இந்த வசதி உண்டு. கடைசியாக ஊற்றுவது பேட்டரிக் கடை டிஸ்டில்டு தண்ணீரும் கூலண்ட்டும் சரிபாதி.

இன்னொன்று: சூடேறுகிறது என்றால், சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் பக்கத்து வைத்தியம். டீசல் எஞ்சின் ஜில்லென்று ஓடினால் புகை கக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பழையதை வெந்நீரில் போட்டுப் பார், திறந்தால் மாட்டு, திறக்காவிட்டால் புதிது வாங்கு.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. நம் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் ஆயில் போகிற வழி ஒரே சர்க்யூட். நாலு சக்கரத்தில் எந்த ஒன்று ஒழுகினாலும் நாலுக்கும் பிரேக் போகும். டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் ரப்பர் மூடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே பழுப்புச் சேறு இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாமான், நின்ற வண்டியில் அந்த ஈரம் கீழே தங்கி சிலிண்டர் சுவரில் குழி விழவைக்கும். விரல் நகத்தால் தடவு. நகம் தட்டினால் சிலிண்டரையே மாற்று; ரப்பர் கிட் மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் அந்தக் குழி புது ரப்பரை அறுத்துவிடும். ரப்பரை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவாதே, ஊதிப்போகும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். ஹோஸ் பைப்புகள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்: பெடலை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் பிடித்தபடி நிற்பது அதனால்தான். எல்லாவற்றையும் மாற்று. ஏர் எடுப்பது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டாட் 3 ஒரு லிட்டர் போதும், பெயிண்ட் மேல் சிந்தினால் உரிந்துவரும்.

பின் சக்கரம் ஒன்றில் மட்டும் லைனிங் ஆயிலில் நனைந்திருந்தால் ஆயில் சீலை (ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை) மட்டும் குறை சொல்லாதே. ஆக்சில் குழல் மேல் சின்னதாக ஒரு மூச்சுத்துளை மூடி இருக்கும். செம்மண் புழுதி அதை அடைத்துவிட்டால், ஓடிச் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். மூடியைக் கழற்றி, ஊதி, சுத்தம் செய்துவிட்டுப் பிறகு சீலை மாற்று. கைபிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியின்) பின்னால் தனி டிரம்மில் இருக்கிறது. அங்கே சீல் ஒழுகினால் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது.

சக்கரம் கழற்றுமுன் போல்ட் நுனியைப் பார். இடதுபக்கம் 'எல்' முத்திரை இருந்தால் அது இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றித்தான் கழற்ற வேண்டும். மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். தெரியாமல் பைப்பு மாட்டி மிதித்தால் போல்ட் முறியும்.

ஸ்டீரிங்குக்கு முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்று. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு: ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் முன்சக்கரம் திரும்புகிற முளையான கிங் பின். பக்கவாட்டில் ஆடினால் இரு முன்சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் முனை, டை ராடு எண்ட். வீல் பேரிங்கை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டு பிடிக்கிறவரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடக்கு. கிங் பின்னில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும். பேரிங் குழிந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். நாற்பது, ஐம்பது வேகத்தில் ஸ்டீரிங் கையை உதறினால், உதறலை அடக்குகிற டேம்பர் வாங்கிப் போடச் சொல்வார்கள். அது வியாதியை மூடி வைக்கும், தீர்க்காது.

துரு பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பெடலுக்குக் கீழ்த் தகடு, சீட்டுக்கு அடியில் உள்ள டூல் பெட்டி, பாடிக்கு அடியில் குறுக்கே போகும் தொப்பிச் சட்டம், ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட் ஓரம், சேசிஸின் பின் குறுக்குச்சட்டம் ஆகிய இடங்களில் குத்திப் பார். ஐப்பசி கார்த்திகையில் அப்பிய செம்மண் இந்த மூலைகளில் காயாமல் இருந்து அரிக்கும். தரைத் தகட்டுக்கு 18 கேஜ் போதும். சேசிஸ் விரிசலில் 3 மி.மீ. தகட்டை வைர வடிவில் வெட்டி ஒட்டு. சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்டு வைத்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி விரியும். பட்டி போட்டு மூடுவது விற்கிறவன் வேலை, வைத்துக்கொள்கிறவன் வேலை இல்லை. அடியில் கழிவு ஆயில் அடிப்பதும் வேண்டாம், பட்டை புஷ் ரப்பரைக் கெடுக்கும்.

வயரிங்கில் எலி கடித்த இடத்தை டேப் சுற்றி ஒப்பேற்றாதே, அந்தக் கம்பியை முழுசாக மாற்று. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் கம்பி புதிதாகப் போடு. பாதி மின்சாரக் கோளாறு அதிலேயே தீரும்.

டயர் 6.00-16. இங்கே டிராக்டர் முன்டயரும் அதே அளவுதான், விலையும் குறைவு என்று யாராவது நீட்டுவார்கள். அது வயல் வேகத்துக்குச் செய்தது, திருச்சி ரோட்டுக்கு இல்லை. நாலும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற போர் வீல் லீவரைக் கண்மாய்க்கரைச் சகதியில் மட்டும் போடு. தார் ரோட்டில் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, லீவர் திரும்ப வராமல் சிக்கும்.

கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4 கிரேடு 80டபிள்யூ-90 வாங்கு, ஜி.எல்-5 வேண்டாம், பித்தளைப் பாகங்களுக்கு ஆகாது. கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்பர் கேஸில் ஏறியிருந்தால் நடுவில் உள்ள சீல் போயிற்று என்று அர்த்தம், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

சாமான் சென்னை ஜி.பி. ரோட்டிலேயே வாங்கிவிடு. வீல் சிலிண்டர் உடம்பில் உள்ள அளவையும் ஹோஸ் பைப் மரையையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அதைக் காட்டி வாங்கு. கண்திட்டத்தில் வாங்கினால் ஒன்றும் சேராது. கிங் பின் பேரிங் இப்போது வேண்டாம், பிரித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன். நாலு ஜாக்கி ஸ்டாண்டு மறக்காதே. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க நான் விடமாட்டேன், ஆத்தாவும் விடமாட்டாள்.

இப்படிக்கு,
அப்பச்சி