சிடி 7 காட்டிய பொய் முகவரி

அன்புள்ள மகள் யாழினிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; நீ கேட்டால் இல்லை என்று சாதிப்பாள், நம்பாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்ட் செல்களில், அதாவது முதிராத ரத்தச் செல்களில், சிடி 7 என்ற அடையாளப் புரதம் பளிச்சென்று தெரிந்ததும் டி செல் என்ற வெள்ளையணு வகையின் ரத்தப்புற்று என்று எழுதிவிட்டாய். மறுநாள் செல்லுக்குள்ளே தேடினால் டி செல்லுக்கே உரிய சிடி 3 இல்லை, மைலாய்டு செல்லின் நொதியான மைலோபெராக்சிடேஸ் இருக்கிறது. ஆக, வேறு வம்சத்து மைலாய்டு ரத்தப்புற்று. மருந்து தொடங்குவதற்குள் திருத்திவிட்டீர்களே, பிறகு எதற்கு அழுகை? எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டதுதான் உனக்கு உறுத்துகிறது.

நான் டாக்டர் இல்லை, ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியே ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் உன்னைவிட அதிகம் ஏமாந்தவன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் லீஷ்மன், சூடான் பிளாக், பிஏஎஸ் என்ற சாயங்கள்தான் இருந்தன. 1976இல் வந்த எஃப்ஏபி (பிரெஞ்சு-அமெரிக்க-பிரிட்டிஷ்) முறைப்படி, செல்லின் தோற்றத்தை வைத்து, லிம்பாய்டு என்றால் எல்1, எல்2, மைலாய்டு என்றால் எம்1, எம்2 என்று பிரிப்போம். முகத்தைப் பார்த்தே ஒருவனுடைய சொந்த ஊரைச் சொல்லுகிற வித்தை அது. டி செல்லா என்று அறிய செம்மறி ஆட்டின் ரத்தம் வேண்டும். ரத்தம் உறையாமல் காக்கும் ஆல்சீவர் கரைசல் ஊற்றிய பாட்டிலோடு விடியற்காலையில் ஆட்டுத்தொட்டிக்குப் போவேன். அந்தச் சிவப்பணுக்களை நோயாளியின் செல்களோடு கலந்து இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். ஒரு செல்லைச் சுற்றி மூன்று சிவப்பணுக்களாவது இதழ்போல ஒட்டியிருந்தால் அது டி. வீட்டுக்கு வந்தால் சட்டையில் ஆட்டு வாடை அடிக்கிறதென்று உன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஆட்டுச் சிவப்பணுவைப் பிடித்துக்கொண்ட அந்தப் புரதத்தைத்தான் நீ இன்று சிடி 2 என்று எழுதுகிறாய்!

பிறகு ஆட்டு ரத்தத்துக்குப் பதில் ஆன்டிபாடி வந்தது, குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் ஆன்டிபாடி சுரக்கும் எலி செல்லை எலியின் மைலோமா என்ற புற்றுசெல்லோடு இணைத்தார்கள். ஒரே ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் செல் கிடைத்தது. சாகாமல் பெருகும் புற்றுசெல்லின் குணத்தையே புற்றைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வைத்த அந்தக் குசும்பு எனக்கு இன்றும் பிடிக்கும். அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. பிறகு ஆளாளுக்கு ஆன்டிபாடி செய்து ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். 1982இல் பாரிசில் கூடி, ஒரே புரதத்தைப் பிடிப்பவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து எண் கொடுத்தார்கள். உன் சிடி எண்கள் அப்படி வந்தவை.

எங்களிடம் அந்த ஆன்டிபாடிகள் வந்து சேர நாளாயிற்று. அந்த இடைவெளியில்தான் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் மஜ்ஜை வந்தது. பிளாஸ்ட்களில் துகள் இல்லை, மைலாய்டு செல்லில் ஏறும் சூடான் பிளாக் ஏறவில்லை. எல்2 என்று ரிப்போர்ட் போனது, மருந்தும் தொடங்கியது. வெளியே அனுப்பிய மாதிரியில் சிடி 41, சிடி 61 இரண்டும் பாசிட்டிவ் என்று பதில் வந்தபோது சில வாரங்கள் ஓடியிருந்தன. பிளேட்லெட்டின் தாய்செல்லில் பிறந்த நோய், மைலாய்டு பக்கத்து எம்7. ஸ்லைடை நான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சாயத்தில் குறையே இல்லை. குறை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் காலத்தில் தடயம் போதவில்லை. உன் காலத்தில் தடயம் குவிகிறது, அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாய், அவ்வளவுதான். சிடி 7 மைலாய்டு பிளாஸ்ட்களிலும் தலைகாட்டும் பேர்வழி. டி என்று எழுத சிடி 3தான் வேண்டும், செல்லுக்குள்ளேயாவது. பி செல் என்றால் சிடி 19ஐ மட்டும் நம்பாதே, சிடி 79ஏ, சிடி 22 என்று துணைக்கு ஆள் சேர். சிஎல்எல் என்ற நாள்பட்ட பி செல் ரத்தப்புற்றில் சிடி 5 இருக்கிறதே, அது டி செல்லின் அடையாளமாயிற்றே என்று நானும் ஒருமுறை குழம்பினேன். பக்கத்திலேயே சிடி 19உம் சிடி 23உம் நிற்பதைப் பார்த்த பிறகுதான் தெளிந்தது.

இல்லாததையும் பார். பிளாஸ்ட்களில் வழக்கமாகத் தெரியும் சிடி 34 இல்லை, எச்எல்ஏ டிஆர் இல்லை, துகள்கள் மட்டும் நிறைய என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு ஓடு. செல்லுக்குள் கட்டுக் கட்டாக ஆயர் குச்சிகள் (குச்சி வடிவத் துகள்கள்) தெரிந்தால் அது மைலாய்டில் புரோமைலோசைட் வகையாகத்தான் இருக்கும். அதில் ரத்தக்கசிவே ஆளைக் கொன்றுவிடும். மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திராமல் அதன் மருந்தான ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிடுவார்கள். இது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு போன் செய். அந்த மைலாய்டு ஆளுக்கு மைலாய்டு அடையாளங்களான சிடி 33, சிடி 117 எப்படி இருந்தன என்று சொல்லவே இல்லையே. அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா