சொன்னதைச் சொன்னபடி

பட்டர்வொர்த்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு நலம். நீ 40 மணி நேர மத்தியஸ்தர் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாய் என்று ஈப்போ அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். சந்தோஷம். அத்தைக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தோஷம். வேலை நெருக்கடியாக இருந்திருக்கும். தைப்பூசத்துக்கு நீ மட்டும் வந்து போனாய். மாப்பிள்ளைக்கு ஆபீசில் ஆடிட் என்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. தொழிலுறவு இலாகாவில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தே பென்ஷன் வாங்கினவன் என்ற முறையில் தொழில் விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

பயிற்சியில் சண்டைக்காரர்களாக நடிக்கிறவர்கள் மதியம் ஒன்றாகச் சாப்பிடப் போவார்கள். நிஜத்தில் வருகிறவர்கள் கார் நிறுத்தும் இடத்திலேயே மறுபடி ஆரம்பித்திருப்பார்கள். ஆகவே அறைக்கு வருவதற்கு முன்பே உன் வேலை தொடங்கிவிடுகிறது. இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் போனில் கூப்பிடு, ஆளுக்கு அரைமணி. முதலில், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் என்று கேள். கம்பெனி ஒரு கிராணியை அனுப்பும். அவர் ஒவ்வொரு தொகைக்கும் வெளியே போய் முதலாளிக்குப் போன் போடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு முதலாளி போனை எடுக்க மாட்டார். அன்றைய பேச்சு முழுக்க வீண். அடுத்து, கூட யார் வருகிறார்கள் என்று கேள். வாயே திறக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாதான் பல வீடுகளில் தீர்ப்பு.

மூன்றாவதாக, எதிரில் உட்காரப் பயமாக இருக்கிறதா என்று கேள். வாய்விட்டுக் கேட்க வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்க வேண்டும். "அதெல்லாம் ஒன்னுமில்லை" என்று வேகமாகப் பதில் வந்தால், கொஞ்ச நேரம் கழித்து வேறு வார்த்தையில் இன்னொரு தடவை கேட்க வேண்டும். அடியோ மிரட்டலோ நடக்கிற இடத்தில் மேசை போடவே கூடாது. போட்டால் பலமுள்ளவனுக்கு நீ துணை போகிறாய் என்று அர்த்தம். இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன், பாப்பா.

2012ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம், சட்டம் 749, உனக்கு மனப்பாடமாக இருக்கும். அழைப்பு எழுத்தில் போக வேண்டும். வேறு கெடு சொல்லாவிட்டால் 14 நாளில் பதில் வராதது மறுப்பு. செலவை வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் ஆளுக்குப் பாதி. பொறுப்பை ஏற்பதற்கு முன்பே, நடுநிலையைப் பாதிக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் நீ வெளியே சொல்லிவிட வேண்டும். பணத் தொடர்பு மட்டுமில்லை, சொந்தத் தொடர்பும் சேர்த்தி. கோயிலில் பார்த்த முகம் என்றாலும் சொல்லிவிடு. நீயே சொன்னால் பெரும்பாலும் "பரவாயில்லை" என்பார்கள். பாதிப் பேச்சில் அவர்களாகத் தெரிந்துகொண்டால் எழுந்து போவார்கள்.

அறை இரண்டு வேண்டும். நடுவில் மெல்லிய பலகைச் சுவர் இருக்கிற அறைகள் ஆகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் காதைத் தீட்டுவார்கள். வட்ட மேசை நல்லது. கடிகாரம் உன் கண்ணில் படும்படி, அவர்கள் கண்ணில் படாதபடி. தண்ணீர், டிஷ்யூ, பிஸ்கட். பசியோடு இருக்கிறவன் ஒப்பமாட்டான். ஒப்பினாலும் மறுநாள் மாறுவான். பசியாறிவிட்டு வரச் சொல். நீயும் பசியாறிவிட்டுப் போ. மைலோவை மட்டும் குடித்துவிட்டு ஓடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா?

உன் முதல் பேச்சு ஏழு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, தாளைப் பார்த்து வாசிக்கவும் கூடாது. அதில் சொல்ல வேண்டியவை இவை. நீ தீர்ப்புச் சொல்பவள் இல்லை. பேசுவது வெளியே போகாது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. தனியாகவும் சந்திப்பாய், ஒருவரிடம் அதிக நேரம் இருந்தால் அவர் பக்கம் சாய்ந்ததாக அர்த்தமில்லை. இந்தக் கடைசியைச் சொல்ல மறந்தவர்கள் எல்லோரும் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் மத்தியஸ்த உடன்படிக்கையில் 2019 ஆகஸ்ட் 7, முதல் நாளிலேயே மலேசியா கையெழுத்துப் போட்டது. படிக்கப் பெருமையாக இருக்கும். அது எல்லை தாண்டிய வாணிபத் தகராறுகளுக்கு. உனக்கு முதலில் வரப்போவது ஒழுகும் கூரை.

அதையே எடுத்துக்கொள்வோம். பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி. கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் மேல் வீட்டுத் தண்ணீர். கீழ் வீட்டம்மா 4,000 ரிங்கிட் கேட்கிறார், மேல் வீட்டுக்காரர் 400க்கு மேல் கிடையாது என்கிறார். நிர்வாகத்துக்குப் புகார் போய், அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து பார்த்தார்களா என்று முதலில் கேள். அடுக்குமாடி நிர்வாகத்துக்கான ஸ்ட்ராட்டா விதிகளில் அது இருக்கிறது. காரணம் வேறு என்று நிரூபிக்கும் வரை கசிவு மேல் வீட்டிலிருந்துதான் என்று சட்டமே அனுமானிக்கிறது. இது மேல் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியவைப்பது உன் கையில் இருக்கிறது. ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்லாதே, தனியறையில் கேள்வியாகக் கேள்: "இது டிரிபியூனலுக்குப் போனா அவங்க என்ன கேப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

ஆளுக்குப் பத்து நிமிஷம் குறுக்கீடு இல்லாமல் பேசவிடு. பிறகு கேட்டதைத் திருப்பிச் சொல், முள்ளை எடுத்துவிட்டு. "அவன் எங்கள மனுஷனாவே மதிக்கல" என்றால், "நாலு தடவை வாட்ஸ்அப் போட்டும் பதில் வரலங்கறதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கு, சரியா?" சரி என்றால் தோள் இறங்கும், பார்த்தாலே தெரியும். இல்லை என்று திருத்தினாலும் லாபம். அவர் சொல்லும் திருத்தம்தான் உண்மையான விஷயம். 4,000 கேட்டவருக்கு ஒருவேளை பணத்தைவிட, ஆறு மாதமாகக் குளியலறையில் வாளி வைத்துக் குளிப்பதுதான் பிரச்சினையாக இருக்கும். மேல் வீட்டுக்காரருக்கோ, தளத்தை உடைத்தால் எங்கே போய்க் குளிப்பது என்கிற கவலை. தொகையைப் பேசத் தொடங்கினால் தொகையிலேயே நிற்பார்கள். ஆளை வைத்துச் சோதிப்பது, உடைப்பது, நீர்த்தடுப்பு போடுவது, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது என்று வேலையைப் படிப்படியாகப் பேசவிட்டால் தொகை தானே உருவாகும்.

யாரும் பேசாத நேரம் வரும். நிரப்பாதே. மனசுக்குள் பத்து எண்ணு. ஏழில் யாராவது வாய் திறப்பார்கள், அதுவரை அவர்கள் சொல்லாததைச் சொல்வார்கள். மௌனத்தைத் தாங்க முடியாமல் மத்தியஸ்தர் வாய் திறந்து கெட்டுப்போன பேச்சுகள் நிறைய.

இனி தனியறை. எழுந்து வருமுன் ஒவ்வொரு முறையும் கேள்: "இதில் எதை அங்கே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" நோட்டில் நடுவே கோடு போட்டு, சொல்லக் கூடாததை வலப்பக்கம் எழுது. ஞாபகத்தை நம்பாதே, நாலாவது சுற்றில் எது யார் சொன்னது என்று குழம்பும். கொண்டுபோவதைச் சொன்னபடி கொண்டுபோ. தொகையும் நிபந்தனையும் எழுத்துக்கு எழுத்து. வசவை விட்டுவிடலாம், உறுதியை விடக் கூடாது. அவர் "400, அதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்றார். நீ அங்கே போய் "இப்போதைக்கு 400ன்னு சொல்றாரு" என்றால், அந்த "இப்போதைக்கு" உன்னுடையது. அந்தம்மா அதை நம்பி 2,500க்கு இறங்குவார். நீ திரும்பி வந்து 2,500 என்றதும், "நான்தான் சொன்னேனே" என்று இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு முன்பே நம்பிக்கை இல்லை, இப்போது உன் மேலும் இல்லை. இனிப்புத் தடவாதே, பாப்பா. நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் தடவுகிறார்கள்.

உனக்கு இது வரும். தனியாகக் கவனித்துத் திருத்த வேண்டிய பழக்கம் அது. எங்கே படிந்தது என்பது எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. "சோறு ஆறுது, வேணும்னா வந்து தின்னச் சொல்லு" என்று அம்மா சொல்வாள். குசினியிலிருந்து கூடத்துக்கு எத்தனை அடி? அதற்குள் அது "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்று ஆகிவிடும். நான் சொல்லியனுப்பியதும் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும். நீ மாற்றிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். சுவர் மெல்லியது, அம்மா சொன்னது எனக்கும் கேட்கும். மாற்றிய வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது, அதனால் இரண்டு வருஷம் உன்னை நடக்கவிட்டேன். பகலில் யாரோ இரண்டு பேரைப் பேசவைத்துச் சம்பளம் வாங்கினேன், ராத்திரி பிள்ளையைத் தபால்காரியாக்கினேன். தப்பு என்னுடையது. அம்மாவுடையது இல்லை, நான்தான் முதலில் பேச்சை நிறுத்தினவன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. தைப்பூசத்தன்று "ஆடிட்" என்று நீ சொன்னபோது அதே குரல்.

சரி. எழுத்து வேலைக்கு வருகிறேன்.

வாய்ப்பேச்சாக ஒப்பியதும் கைகொடுத்து அனுப்பிவிடாதே. ராத்திரி ஒன்பது ஆனாலும் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பு. "கூடிய சீக்கிரம்", "நியாயமான தொகை", "நல்லுறவு பேணுவோம்" என்ற வார்த்தைகள் வந்தால் அடித்துவிடு. யார், என்ன செய்வார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு, எந்தக் கணக்கில், தவறினால் என்ன. நம் ஒழுகும் கூரைக்கு: மேல் வீட்டார் ஏப்ரல் 15க்குள் தளம் உடைத்து நீர்த்தடுப்பு முடிப்பார், 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையை இருவரும் நேரில் பார்ப்பார்கள், சோதனை தேறி ஏழு நாளுக்குள் கூரைச் சாயத்துக்கு 900 ரிங்கிட் வங்கியில் செலுத்துவார், சோதனை தேறாவிட்டால் பதினான்கு நாளுக்குள் மறுபடி செய்வார். அந்த "தேறாவிட்டால்" வரியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டபின் நீ சான்றளித்து ஆளுக்கொரு பிரதி கொடு. அது இருவரையும் கட்டும். வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் சம்மதத் தீர்ப்பாகவும் பதிவு செய்யலாம்.

இப்போது பார்க்கிற வேலையை உடனே விட்டுவிடாதே. வழக்கறிஞர் மன்றம் 1999இல் தொடங்கிய மத்தியஸ்த மையமும், கே.எல். பழைய ரயில் நிலையம் பக்கம் சுலைமான் கட்டடத்தில் இருக்கிற ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையமும் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். சேர்த்ததும் போன் அடிக்காது. நீதிமன்றத்தில் நீதிபதியே இலவசமாகச் செய்கிறாரே, உனக்கு ஏன் காசு என்று கேட்பார்கள், பதிலை இப்போதே யோசித்து வை. முதல் வருஷம் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடு. ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்தார் அமைப்பின் சமூக மத்தியஸ்தர்களோடும் இரண்டு நாள் உட்கார். காசு வராது, காது பழகும். வேலையை மட்டும் விடாதே.

குடும்ப வழக்கு எடுப்பாயோ மாட்டாயோ, இது தெரிந்திருக்கட்டும். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் 106ஆம் பிரிவு. முஸ்லிம் அல்லாதவர்களில் ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் அது இருக்கிறது. ஆறு மாதம் வரை ஆகலாம். இருவரும் சேர்ந்து மனுச் செய்தால் அந்தப் படி தேவையில்லை. அங்கே போகிறவர்கள் தலை குனிந்து போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பெற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் பெற்றவர்கள் கத்துவார்கள் என்றும் இல்லை. எனக்குத் தெரிந்த பெற்றவர்களைச் சொல்கிறேன்.

வேறு செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. இப்போது நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசுகிறோம், பெரும்பாலும் டிவி சத்தத்தைப் பற்றி. இ.டி.எஸ். ரயிலில் நானே கே.எல். வரலாம், வயதானவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்.

அம்மா ஒரு வரி எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணு வாரமா போன் இல்ல. வந்தாலும் சரி, வராட்டியும் சரி. முறுக்கு டின்னில இருக்கு, நமுத்துப் போனா நான் பொறுப்பு இல்ல."

அப்பா